மாதாந்திர சைக்கிள் தூரச் சவால்: 1ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை

ஒரு மாதத்துக்குள் இத்தனை கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். சவால் அவ்வளவுதான். 300, 500, 600, 1000 என்று எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். யாரையும் முந்த வேண்டியதில்லை, எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கணக்கில் சேரும். இவ்வளவு எளிமையாகத் தெரிவதால்தான் பலர் 1ஆம் தேதி உற்சாகமாகப் பெயர் கொடுத்துவிட்டு, 20ஆம் தேதி வாக்கில் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறார்கள்.

நானும் முதல் மூன்று முறை அப்படிக் கழன்றவன்தான். காலில் வலு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பழைய பதிவுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்திலும் முதல் பத்து நாளில் ஓட்டியது இலக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நாளெல்லாம் கடனை அடைக்க ஓடியிருக்கிறேன். அந்தக் கடனை வாங்காமலே மாதத்தை ஓட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எண்ணைத் தேர்ந்தெடுப்பது

கடந்த நான்கு வாரத்தில் மொத்தம் எவ்வளவு ஓட்டினீர்கள் என்று பாருங்கள். நன்றாக ஓட்டிய ஒரு வாரத்தை எடுத்து நான்கால் பெருக்கக் கூடாது. எல்லோரும் செய்கிற ஏமாற்று அது. உண்மையான நான்கு வாரக் கூட்டல்தான் வேண்டும். அதில் கால் பங்கைச் சேர்த்தால் உங்கள் இலக்கு. 320 கி.மீ. ஓட்டியிருந்தால் 400. பதிவே இல்லை என்றால் இரண்டு வாரம் சும்மா ஓட்டி, வந்த தூரத்தை இரட்டிப்பாக்கி, அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

ஏன் கால் பங்கு மட்டும்? மூச்சும் இதயமும் புது உழைப்புக்குச் சீக்கிரம் பழகிவிடும். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் பழக அதைவிட நாளாகும். அதனால், மூச்சு வாங்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றும் நேரத்தில்தான் முட்டி மக்கர் பண்ணத் தொடங்கும். 300லிருந்து ஒரே மாதத்தில் 1000க்குத் தாவியவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

அடுத்து, தூரத்தை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 18 கி.மீ. சராசரியில் ஓட்டுபவருக்கு 600 கி.மீ. என்பது 33 மணி 20 நிமிடம். அதோடு முடியாது. உடை மாற்றுவது, டயருக்குக் காற்றடிப்பது, வந்து குளிப்பது என்று ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது போகும். இருபது முறை ஓட்டினால் அதுவே ஏழு மணி நேரத்துக்குப் பக்கம். ஆக, மாதத்தில் நாற்பது மணி நேரம். அது உங்கள் காலண்டரில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் எண்ணைக் குறையுங்கள். மேடும் மலையுமான பகுதியில் ஓட்டுபவர்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். ஏறிய உயரத்துக்குத் தூரச் சவாலில் மதிப்பெண் கிடையாது. அநியாயம்தான், என்ன செய்ய!

படி 2: விதிகளைப் படிப்பது

சலிப்பான வேலை, ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில், சவாலில் சேரும் பொத்தானை அழுத்தினீர்களா? ஓட்டிய தூரத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் ஓட்டினால் மட்டும் போதாது, சேர்ந்திருக்கவும் வேண்டும். அப்புறம், கையால் டைப் செய்து ஏற்றும் தூரம் பெரும்பாலான சவால்களில் செல்லாது. பதிவை "எனக்கு மட்டும்" என்று மறைத்து வைத்தாலும் பல இடங்களில் கணக்கில் வராது. வீடு தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் முழுப் பதிவையும் மறைக்காமல், வரைபடத்தில் தொடக்க, முடிவு இடங்களை மட்டும் மறைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். தூரம் குறையாது.

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் கருவி) ஓட்டுவது சேருமா, மின்சார சைக்கிள் சேருமா என்பது சவாலுக்குச் சவால் மாறும். கூட்டுத்தொகைச் சவாலா, ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டியதா என்றும் பாருங்கள். 'கிரான் ஃபோண்டோ' என்ற பெயரில் வரும் மாதச் சவாலில் ஒரே மூச்சில் 100 கி.மீ. ஓட்ட வேண்டியிருக்கும். பத்துப் பத்தாகப் பத்து முறை ஓட்டினால் அங்கே பூஜ்யம். சைக்கிள் உடை விற்கும் ரஃபா நிறுவனம் 2010இல் தொடங்கிய 'ஃபெஸ்டிவ் 500' இன்னொரு வகை. டிசம்பர் 24 முதல் 31 வரை எட்டே நாளில் 500 கி.மீ. மாதச் சவாலை இரண்டு மூன்று முறை முடிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: தூரம் சரியாகப் பதிவாகிறதா

போனில் பதிவு செய்பவர்களுக்குப் பெரிய எதிரி பேட்டரி சேமிப்பு முறை. திரை அணைந்ததும் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால், வளைந்து வளைந்து போன சாலை ஏதோ வயலுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். வளைவெல்லாம் தொலைந்து தூரமும் குறைந்திருக்கும். போன் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

சக்கரத்தில் சென்சார் வைத்து அளப்பவர்கள் டயர் மாற்றினால் சுற்றளவையும் மாற்ற வேண்டும். 700×25 டயரின் (25 என்பது மி.மீ.யில் டயரின் அகலம்) சுற்றளவு சுமார் 2105 மி.மீ., 700×28 என்றால் சுமார் 2136 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். ஆனால் 600 கி.மீ.க்கு அதுவே 9 கி.மீ.

போனிலும் வாட்சிலும் ஒரே ஓட்டத்தைப் பதிவு செய்தால் ஒன்றை அழித்துவிடுங்கள். ஓட்டி முடித்துக் காரில் ஏறும்போது பதிவை நிறுத்த மறந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள்தான். ஆனால் மாதக் கடைசியில் அந்த எண்ணைப் பார்க்கப்போவது நீங்கள்தானே.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு மாதம் ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டில் எழுதி வந்தேன். 23.7ஐ 24 என்றும், 18.6ஐ 19 என்றும் தாராளமாக எழுதியிருக்கிறேன். 30ஆம் தேதி நோட்டில் 502 காட்டியது. இலக்கு 500. நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்து, இரவு ஒன்பதரைக்குச் செயலியைத் திறந்தால் 496.8! மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெருவைச் சுற்றி வந்தால் 1.1 கி.மீ. முதல் சுற்றில் தெருநாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது சுற்றில் எழுந்து நின்றது. மூன்றாவது சுற்றில் நான் ஓட்டிய வேகம் அந்த மாதத்திலேயே அதிகபட்சமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து செயலி காட்டும் எண்ணைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. இலக்குக்கு மேல் 10 கி.மீ. இல்லாமல் மாதத்தை மூடுவதும் இல்லை.

படி 4: காலண்டரில் கட்டம் போடுவது

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். 600 கி.மீ.யை முப்பதால் வகுத்து, "தினம் 20தானே" என்று சொல்லிக்கொள்வது காகிதத்துக்குச் சரி. முப்பது நாளும் ஓட்டுகிற ஆள் யார்? மழை வரும், காய்ச்சல் வரும், வேலை இழுக்கும், வீட்டில் ஒரு விசேஷம் வரும்.

நான் வாரத்தை அலகாக எடுத்துக்கொள்கிறேன். திங்களும் வெள்ளியும் ஓய்வு. செவ்வாய் 20, புதன் 25, வியாழன் 20, சனி 25, ஞாயிறு 50. வாரத்துக்கு 140, நான்கு வாரத்துக்கு 560. மிச்சமிருக்கும் இரண்டு நாளில் இருபது இருபதாக நாற்பது. நீண்ட ஓட்டம் எந்த நாள், ஓய்வு எந்த நாள் என்பதை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வு நாளே இல்லாத அட்டவணை மட்டும் வேண்டாம்.

இதற்கு மேல் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். முதல் பத்து நாளில் கொஞ்சம் அதிகமாக ஓட்டுங்கள். 600 இலக்கு என்றால் 10ஆம் தேதி இரவு 230ஐத் தொட்டிருக்க வேண்டும், 20ஆம் தேதி 440ஐ. கடைசிப் பத்து நாளுக்கு 160 மட்டும் மிஞ்சும். அப்போது நான்கு நாள் சளிபிடித்துப் படுத்தாலும் மாதம் கையை விட்டுப் போகாது. அதற்காக முதல் வாரத்திலேயே 250 ஓட்டிவிட்டு இரண்டாவது வாரம் படியேற முடியாமல் நொண்ட வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து கிலோமீட்டர் கூடுதல் போதும்.

ஒரு நாள் தவறிவிட்டால்? மறுநாளே இரட்டிப்பாக ஓட்டக் கூடாது. தவறிய 25 கி.மீ.யை அடுத்த ஐந்து ஓட்டங்களில் ஐந்தைந்தாகப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கூடுதலாகக் கால் மணி நேரம்தான் ஆகும், உடம்புக்குத் தெரியவே தெரியாது. இரட்டிப்பாக ஓட்டினால் அதற்கு அடுத்த நாளும் படுத்துவிடுவோம், கடன் வளரும்.

சில்லறைக் கிலோமீட்டர்களை அலட்சியம் செய்யாதீர்கள். வேலைக்குப் போகவர 8 கி.மீ. வீதம் 16 கி.மீ. ஓட்ட முடிந்தால், இருபது வேலை நாளில் 320 கி.மீ. சேர்ந்துவிடும். 400 இலக்கு வைத்தவருக்கு மீதி 80தான். இரண்டு ஞாயிறு போதும். கடைக்குப் போகும் மூன்று கி.மீ.யும் சேரும். பொத்தானை அழுத்த மறக்காமலிருந்தால் சரி.

அன்றாட ஓட்டம் எவ்வளவு தூரம் சேர்க்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1939ஆம் ஆண்டு முழுக்க ஓட்டி டாமி காட்வின் என்ற ஆங்கிலேயர் 75,065 மைல் சேர்த்தார். கிலோமீட்டரில் சுமார் 1,20,800. நாளுக்கு 330 கி.மீ. வருகிறது. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் யாரும் அதைத் தாண்டவில்லை. 2017இல் ஓராண்டு ஓட்டத்தை முடித்த அமெரிக்கப் பெண் அமாண்டா கோக்கர் 86,573 மைலைத் தொட்டார். நமது 600ஐ அவர் இரண்டு நாளுக்குள் முடித்திருப்பார். நம்மால் ஆகிற காரியமில்லை. ஆனால் ஒரு நாள் பறப்பதைவிட மறுநாளும் சைக்கிள் ஏறும் நிலையில் உடம்பை வைத்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்பது அவர்களுக்கும் நமக்கும் பொது.

பாதை விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். மனப்பாடமான மூன்று பாதைகள் இருந்தால் போதும்: 10, 20, 40 கி.மீ. காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தால் பாதி நாள் படுக்கையிலேயே போய்விடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் எதிர்க்காற்றில் புறப்பட்டு, பின்காற்றில் திரும்புங்கள். மாற்றிச் செய்தால் போகும்போது ராஜா, திரும்பும்போது அழுகை.

படி 5: சைக்கிளைத் தயார் செய்வது

சீட் உயரத்தில் தொடங்குங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான வளைவு தானாக வரும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு நான்கைந்து மி.மீ.க்கு மேல் வேண்டாம். சரியான உயரம் கிடைத்ததும் சீட் தண்டில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். புது சீட், புது ஷூ இரண்டையும் மாத நடுவில் மாற்றவே கூடாது.

டயர் காற்றை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அதிகபட்ச அளவு. எல்லோரும் அதுவரை அடைக்க வேண்டியதில்லை. உடல் எடை குறைவானவர்களும் அகல டயர் வைத்திருப்பவர்களும் அதற்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். செயினை 200, 300 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் மண்ணோடு சேர்ந்து அரம்போலப் பற்சக்கரத்தைத் தின்னும்.

பஞ்சர் வந்தே தீரும். உதிரி டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், பம்ப் இல்லாமல் கிளம்ப வேண்டாம். டியூபை மாற்றத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை 43ஆவது கிலோமீட்டரில் கற்றேன். பின் டயர் இறங்கிவிட்டது. பெருமையாகப் பத்தே நிமிடத்தில் புது டியூப் மாட்டிக் கிளம்பினேன். இரண்டு கி.மீ. போவதற்குள் மறுபடி உஸ். லாரி டயரிலிருந்து உதிரும் சின்னக் கம்பி, ஊசி முனையைவிட மெல்லியது, டயர் ரப்பருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டியூபைக் கழற்றியதும் டயரின் உட்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவ வேண்டும், வெட்டிக்கொள்ளாமல். எங்கே சுருக்கென்கிறதோ அங்கே வெளிப்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். வால்வுக்கு நேராக இருந்த இடத்தை வைத்துப் பழைய டியூபையும் டயரையும் ஒப்பிட்டால் ஓட்டை இருக்கும் பகுதி சீக்கிரம் அகப்படும். அன்று அது தெரியாமல் ஐந்து கி.மீ. உருட்டிக்கொண்டே வந்தேன். உருட்டிய தூரம் சவாலில் சேராது.

படி 6: உடம்பு தாங்குமா

பெரும்பாலான நாள்களில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் போதும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்று காலைச் சுழல விட்டால் முட்டிக்கு நல்லது. இந்தச் சவாலில் வேகத்துக்குப் பரிசு கிடையாது என்பதை வாரம் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பலரை உண்மையில் படுக்க வைப்பது உட்காரும் இடத்தில் வரும் புண். பேசக் கூச்சப்படுவதால் கடைசி நேரத்தில்தான் கேட்பார்கள். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் உள்ளே உள்ளாடை வேண்டாம். அந்தத் தையல்தான் உராய்கிறது. இறங்கியதும் உடனே கழற்றிக் குளித்துவிடுங்கள். ஒருமுறை போட்டதைத் துவைக்காமல் மறுநாள் போட வேண்டாம். சிவந்து தடித்தால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அன்று ஓட்டினால் மூன்று நாள் போகும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும், எடுத்த பிறகு சாப்பிட்டால் காலில் வந்து சேர நேரமாகும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட.

காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு அதிகமாக இருந்து, தூக்கமும் சரியில்லை, மாடிப்படி கனக்கிறது என்றால் அன்று ஓய்வு. தொடையில் பரவலான மந்தமான வலி ஓட்ட ஓட்ட இளகிவிடும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, அதுவும் ஓட்ட ஓட்டக் கூடும் வலி என்றால் நிறுத்த வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ சவாலை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கணக்கை முடிக்க இருட்டில் இறங்குபவர்கள் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் இல்லாமல் இறங்க வேண்டாம். எத்தனை கி.மீ. ஆச்சு என்று ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பதும் வேண்டாம். நின்று பாருங்கள்.

படி 7: நடு மாதச் சோர்வு

15ஆம் தேதிக்கு மேல் கால் நன்றாக இருக்கும், மனசுக்குத்தான் அலுத்துவிடும். அதே பாதை, அதே பாலம், அதே நாய். அப்போது தரவரிசைப் பட்டியலைத் திறக்காதீர்கள். முதலிடத்தில் இருப்பவர் 3000 ஓட்டியிருப்பார். அவருக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்களைப் போலவே இலக்கு வைத்த இரண்டு மூன்று பேரோடு தினம் ஓட்டிய தூரத்தைப் பகிர்ந்துகொள்வது அதைவிடப் பலன் தரும். "நாளை காலை ஆறு மணிக்கு வருகிறேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் படுக்கையிலிருந்து எழ வேறு காரணம் தேவையில்லை.

எண்ணோடு விளையாடப் பிடித்தவர்களுக்கு எடிங்டன் எண் உண்டு. 1919 சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைவதை அளந்த ஆர்தர் எடிங்டன் சைக்கிள் பித்தரும்கூட. குறைந்தது இத்தனை மைல் வீதம் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன் என்று இரண்டும் ஒன்றாக வரும் மிகப் பெரிய எண்தான் அது. 1944இல் அவர் இறந்தபோது அவருடைய எண் 84. அதாவது 84 மைலோ அதற்கு மேலோ 84 நாள். கிலோமீட்டரிலும் கணக்கிடலாம். 20 கி.மீ.யோ அதற்கு மேலோ 20 நாள் ஓட்டியிருந்தால் உங்கள் எண் 20. அதை 21 ஆக்க இன்னொரு நாள் ஓட்டினால் போதாது. சரியாக 20 ஓட்டிய நாளெல்லாம் உதிர்ந்துவிடும். இது தெரிந்த பிறகு வீட்டு வாசலில் 20.3இல் நிற்க மனசு வராது, இன்னும் ஒரு சுற்றுப் போய் 21 ஆக்கத் தோன்றும்.

படி 8: கடைசி வாரமும் அதற்கு அப்புறமும்

24ஆம் தேதி உட்கார்ந்து மீதியை எண்ணுங்கள். மீதி நாளில் நாளுக்கு உங்கள் வழக்கமான தூரத்தைவிட ஒன்றரை மடங்குக்குள் வந்தால் தாராளமாகப் போகலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், வழக்கம்போல ஓட்டி எந்த எண்ணில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத இலக்குக்கு அந்த எண்தான் அடிப்படை. கடைசி இரவு பதினோரு மணிக்குப் பதிவேற்ற நம்பியிருக்காதீர்கள். சர்வர் திணறும், போன் சார்ஜ் இருக்காது. ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

முடித்த மறு வாரம் பாதித் தூரம் மட்டும் ஓட்டுங்கள். அந்த வாரத்தில் செயினை அளந்து பாருங்கள். புது செயினில் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் (பின்) ஒன்றிலிருந்து எண்ணி 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்கும். பழைய செயினில் அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். பின் டயரின் நடுவில் விரலை ஓட்டிப் பாருங்கள். வளைவு போய்த் தட்டையாகியிருந்தால் அதையும் மாற்றிவிட்டு, 1ஆம் தேதி பொத்தானை அழுத்தலாம்.